விக்ரோலிக்கு மூன்று கைப்பிடி

அத்தியாயம் பதினொன்று

ஒரு பழைய ரயில் டிக்கெட் ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தும் என்பதைப் போன வாரம் பார்த்தோம். மாட்டுங்காவிலிருந்து விக்ரோலி, ரிட்டர்ன், சனிக்கிழமை தேதி. துணி துவைக்கப் போடும்போது கேஷவின் பேன்ட் பையிலிருந்து விழுந்தது. அந்தச் சனிக்கிழமை முழுக்க ஆபீஸில் இருந்ததாகத்தான் அவன் மனைவி ஷ்ருதியிடம் சொல்லியிருந்தான். ஆபீஸ் இருப்பது பாந்த்ராவில். பாந்த்ராவுக்குப் போகிறவன் விக்ரோலி வழியாகப் போகவேண்டுமென்றால் அவனுக்கு மூளை கலங்கியிருக்க வேண்டும். கேஷவுக்குக் கலங்கவில்லை.

ஷ்ருதி கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். டிக்கெட்டை மடித்துத் தன் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு நான்கு நாளாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனை எங்கே வைக்கிறான், பேசும்போது பால்கனிக்குப் போகிறானா, திரும்பி வந்ததும் முகம் எப்படியிருக்கிறது. பார்க்க ஆரம்பித்துவிட்டால் எல்லாமே குற்றமாகத்தான் தெரியும். அவன் தும்மினால்கூட அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி செம்பூர் புது ஃப்ளாட்டில் கிரகப்பிரவேசம். பத்திரிகைகூட அடித்தாயிற்று. விக்ரோலியில் இருப்பது இன்னொருத்திதான் என்றால் அந்த வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று ஷ்ருதி மனதுக்குள் முடிவு செய்திருந்தாள்.

இன்று மறுபடியும் சனிக்கிழமை.

"புது வீட்டு ஜன்னலுக்குக் கைப்பிடி பார்க்க நீயும் வரேன்னு சொன்னே" என்றாள்.

கேஷவ் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். "சொன்னேன். திடீர்னு ஆடிட் வந்துடுத்து. நீயே பாத்துடு. உனக்குப் பிடிச்சா எனக்கும் பிடிக்கும்."

"சனிக்கிழமையிலே ஆடிட்டா?"

"அவாளுக்கு சனி என்ன, ஞாயிறு என்ன? எல்லாம் ஒண்ணுதான்."

கட்டிய லேஸையே அவிழ்த்து மறுபடி கட்டினான். ஷ்ருதி அதையும் பார்த்தாள்.

சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மாமியார் பாகீரதி அவரைக்காய் நறுக்கும் சத்தம். இதுவும் ஷ்ருதிக்கு ஒரு பழைய காயம். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறாள், கத்தியைக் கையிலெடுத்தால் மாமியார் கதவைச் சாத்திவிடுவாள். 'நான் ஏதாவது திருடிக்கொண்டா போகப்போகிறேன்?' என்று கல்யாணமான புதிதில் அழுதிருக்கிறாள். அப்புறம் பழகிவிட்டது.

"அம்மா, நீங்களாவது வரேளா? தாராவி இங்கேதானே, டாக்ஸியிலே போயிட்டு வந்துடலாம்" என்று கதவுக்கு வெளியிலிருந்தே கேட்டாள்.

நறுக்கும் சத்தம் நின்றது. "நான் எங்கேடிம்மா? முழங்கால் விண்விண்ணுங்கறது. மாடிப்படி இறங்கினா ஏற முடியாது. நீ போயிட்டு வா."

ஆக, ஷ்ருதி தனியாகத்தான் போனாள்.

தாராவியில் சொரிமுத்துவின் பட்டறையைக் கண்டுபிடிப்பது சுலபம். அலுமினியம் அறுக்கும் சத்தத்தின் பின்னாலேயே போனால் போதும். வாசலில் ஜன்னல் சட்டங்கள் சுவரில் சாய்ந்திருக்க, உள்ளே ஒரு நீளப் பலகையில் நாற்பது கைப்பிடிகளை வரிசையாகத் திருகி வைத்திருந்தார். கறுப்பு மேட், மங்கலான பித்தளை, ரோஸ் கோல்டு, இலை போல வளைந்தது, பென்சில் போல ஒல்லியானது.

நெஞ்சில் அத்தனை கனம் இருந்தும் ஷ்ருதிக்குக் கை துறுதுறுத்தது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். மலிவானது லொடலொடவென்று ஆடியது. நல்லது 'டக்' என்று ஒரே சத்தத்தோடு போய் உட்கார்ந்தது. இப்படி ஒரு வீட்டுக்காகத்தானே இவ்வளவு வருடம் அந்த வாடகை வீட்டின் துருப்பிடித்த கொண்டியோடு மல்லுக்கட்டினோம் என்று நினைத்தபடி அதை இன்னொரு தடவை திருப்பினாள்.

"இது நல்லாருக்கு" என்று மங்கலான பித்தளையைக் காட்டினாள்.

"நல்ல சாமான் மேடம். மழைக் காத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் சொரிமுத்து. ஐம்பத்தைந்து வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடமாகியும் ஊர்ப் பேச்சு போகவில்லை. "இனி அளவு எடுக்கணும். இந்தச் செவத்துப் பக்கம் வாங்க. கண்ண மூடிக்கிடுங்க. எதுக்க ஜன்னல் இருக்குன்னு நெனச்சு, தொறக்குத மாரி கைய நீட்டுங்க பாப்போம்."

"எதுக்கு?"

"மத்தவன்லாம் எல்லா வீட்டுக்கும் ஒரே ஒசரத்துல மாட்டிட்டுப் போயிருவான். நா அப்படி மாட்ட மாட்டேன். தெனமும் தொறக்குதவங்க கை தன்னால எங்க போகுதோ, அங்கதான் கைப்பிடி."

ஷ்ருதி கண்ணை மூடிக் கையை நீட்டினாள். விரல் பட்ட இடத்தில் அவர் சாக்பீஸால் கோடு போட்டு, டேப்பை வைத்து அளந்தார். "நாலடி ரெண்டு இஞ்ச். வலது கை." பிறகு ஒரு அட்டையை எடுத்து உருண்டை உருண்டையான தமிழில் எழுதிக்கொண்டார்.

"ஹால் ரெண்டு, கிச்சன் ஒண்ணு, பெட்ரூம் ரெண்டுலயும் நாலு. அந்த ஸ்டடில ஒரு ஜன்னல் இருக்குல்லா, அங்க யாரு இருக்கப்போறா?"

"என் மாமியார் படுத்துப்பா."

"அப்ப அவங்க கை ஒசரமும் வேணுமே. ஒரு நட கூட்டிட்டு வாரீங்களா?"

"அந்த ஜன்னலுக்குக் கைப்பிடியே வேண்டாம்" என்றாள் ஷ்ருதி. "எங்க டிசைனர் அதுக்கு ஃபிக்ஸட் கிளாஸ் சொல்லியிருக்கா. பாக்க க்ளீனா இருக்கும். ஏ.சி. போடறோம், யாரு திறக்கப்போறா?"

சொரிமுத்துவின் பேனா ஒரு நொடி நின்றது. "தொறக்கவே முடியாத ஜன்னலா?"

"வெளிச்சம் வருமே."

'ஸ்டடி, மாமியார் ஜன்னல், தொறக்க வேண்டாம், கைப்பிடி இல்லை' என்று அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து விரல்விட்டு எண்ணினார். "ஏழு இது. அந்த மூணையும் சேத்தா பத்து. பத்தும் ஒரே மாடல்."

"எந்த மூணு?"

"விக்ரோலி வீட்டுக்கு."

பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஷ்ருதிக்கு மட்டும் எல்லாச் சத்தமும் நின்றுபோன மாதிரி இருந்தது.

சொரிமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சார் சொல்லலியா?"

"சொன்னார், சொன்னார்" என்று ஷ்ருதி சிரிக்க முயன்றாள். "மறந்துட்டேன். அட்டையைக் காட்டுங்கோ, அட்ரஸ் சரியா இருக்கான்னு பாத்துடறேன்."

அவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். ஷ்ருதி திருச்சியில் படித்தவள், தமிழ் சரளமாக வரும். அட்டையின் அடிப்பாகத்தில் இருந்தது: *விக்ரோலி, ஸ்நேகசாகர், பி விங், முதல் மாடி. ஜன்னல் மூணு. செம்பூர் மேடம் எடுக்கிற அதே மாடல். ஒரு பொம்பளை மட்டும். ஒசரம் மூணடி பத்து. இடது கை.*

"இந்த அளவை யார் எடுத்தா?"

"எம் மருமவன் மகேஷ்குமார் போனான். நா ஆளப் பாக்கல மேடம், சத்தியமா. சார் போன் பண்ணுனாரு, அவன் போயி எடுத்துட்டு வந்தான்." அவர் அட்டையை வாங்கி அவசரமாகப் பெட்டிக்குள் போட்டார். "கண்ணாடிய இன்னிக்கே வெட்டக் குடுத்துருவேன். செம்பூர் சீட்ட சாருக்கும் போட்டோ புடிச்சு அனுப்பிருதேன்."

அவர் எழுதிக் கொடுத்த செம்பூர் சீட்டின் நகலைக் கைப்பையில் திணித்துக்கொண்டு ஷ்ருதி வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகும் டாக்ஸியைக் கூப்பிடவில்லை. நேராக சயான் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

ஸ்லோ ட்ரெயின் லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த நல்லது.

அதே மாடல்! இதுதான் அவளுக்கு ஆறவில்லை. கட்டின பெண்டாட்டி பார்த்துப் பார்த்து எடுக்கவேண்டும், அதைப் பிடித்து இன்னொருத்தி ஜன்னல் திறக்கவேண்டும். 'உனக்குப் பிடிச்சா எனக்கும் பிடிக்கும்' என்றானே, அதற்கு இதுதான் அர்த்தமா? ரோஷத்தில் அவளுக்குக் காது சுட்டது.

இடது கை. குள்ளமான பெண். யார் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

சாருலதா. கேஷவின் ஆபீஸில் இரண்டு வருடமாக இருக்கிறாள். ஷ்ருதியின் தோள் உயரம்தான். போன நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்தவள், வெற்றிலைபாக்கு கொடுத்தபோது சட்டென்று இடது கையை நீட்டிவிட்டாள். உடனே "அய்யோ, ஸாரி ஆண்ட்டி" என்று கையை மாற்றினாள். பாகீரதி அதைக் கவனித்துவிட்டாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாருலதா போனபிறகும், "அந்தப் பொண்ணு எல்லாத்துக்கும் இடது கையா? ஆபீஸ்லயுமா? யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாளா?" என்று கேஷவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆசாரம் பார்க்கிறாள் என்று ஷ்ருதி அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். இப்போது வேறு மாதிரி தோன்றியது. மாமியாருக்கு அப்போதே மூக்கில் வியர்த்திருக்கிறது. எனக்குத்தான் எதுவும் உறைக்கவில்லை.

குர்லா போயிற்று. வித்யாவிஹார், காட்கோபர். விக்ரோலியில் இறங்கி ஆட்டோ பிடித்தாள்.

ஸ்நேகசாகர் லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடம். பழையது, ஆனால் படிக்கட்டெல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே நின்று கேஷவுக்குப் போன் போட்டாள். கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்க்கலாம் என்றுதான்.

"எங்கே இருக்கே?"

"ஆபீஸ்ல. மீட்டிங்ல. சொல்லு, கைப்பிடி ஆச்சா?"

அவன் குரலுக்குப் பின்னால் இன்னொரு பெண் குரல், இயந்திரக் குரல், மராத்தியில் அழகாகச் சொன்னது: "புடீல் ஸ்டேஷன், விக்ரோலி." அடுத்த ஸ்டேஷன் விக்ரோலி.

"ஆச்சு" என்று சொல்லி ஷ்ருதி போனை வைத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை, கோபம்தான் வந்தது. அவன் வந்து சேர எப்படியும் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் அவளைப் பார்த்துவிட வேண்டும்.

படியேறினாள். முதல் மாடியில் கதவு பாதி திறந்திருந்தது. புது அலுமினிய ஜன்னல்கள் மாட்டியிருந்தார்கள். தரையெல்லாம் ஸ்டிக்கர் கிழிசலும் சிமென்ட் தூளும். இரண்டு ஜன்னலில் கைப்பிடி இல்லாமல் ஓட்டை மட்டும் இருந்தது. நடு ஜன்னலில் மட்டும் மாதிரிக்கு ஒரு பழைய கைப்பிடியைத் திருகி வைத்திருந்தார்கள்.

அதற்கு முன்னால் ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். குள்ளம். நரைத்த சின்னக் கொண்டை. கத்திரிப்பூ நிறப் பருத்திப் புடவை. காலையில் கொடியிலிருந்து ஷ்ருதியே எடுத்து மடித்துக் கொடுத்த புடவை.

அந்தப் பெண்ணின் இடது கை உயர்ந்தது. கைப்பிடியைத் தேடவில்லை, தடவவில்லை, நேராகப் போய்ப் பிடித்தது. டக். ஜன்னல் வெளிப்பக்கம் திறந்துகொண்டது. காற்று வந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள். விளையாட்டுச் சாமான் கிடைத்த குழந்தை போலத் திறந்து திறந்து மூடினாள்.

"அம்மா" என்றாள் ஷ்ருதி.

பாகீரதி திரும்பினாள். திரும்பும்போதே இடது கை சட்டென்று முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது. திருடும்போது பிடிபட்டவர்கள் செய்வார்களே, அப்படி.

அந்த ஒரு அசைவில் ஷ்ருதிக்குப் பன்னிரண்டு வருடமும் விளங்கிவிட்டது. சமையலறைக் கதவு, கொலு, சாருலதாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றது, எல்லாம். ஆனாலும் வாயிலிருந்து வந்தது என்னவோ கோபமான கேள்விதான்.

"முழங்கால் தேவலையாம்மா?"

"உக்காரு" என்றாள் பாகீரதி. ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. இரண்டு பேருமே உட்காரவில்லை. "கேஷவைத் திட்டாதே. நான்தான் உங்கிட்ட சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கினேன்."

"இது யார் வீடு?"

"சாருலதாவோடது. அவ அப்பா அம்மா இருந்த வீடு. காலியாக் கெடக்கு, வாடகைக்குத் தரேன்னா. பழைய மர ஜன்னல், மழையிலே உப்பிண்டு திறக்கவே வரலை. அதான் மாத்தறோம்."

"நீங்க... தனியா இருக்கப்போறேளா? எங்களை விட்டுட்டா?" ஷ்ருதியின் குரல் உடைந்தது. "ஊர் என்னைத்தானேம்மா பேசும்? மருமகள் துரத்திட்டான்னு?"

"தெரியும். அதனாலதான் மறைச்சேன்."

பாகீரதி முந்தானைக்குள்ளிருந்து கையை மெல்ல வெளியே எடுத்தாள். எடுத்து அதையே பார்த்தாள்.

"எனக்கு ஆறு வயசு. எங்கப்பா இந்தக் கையைத் துணியாலே முதுகோட சேத்துக் கட்டிட்டார். ஒரு வருஷம். அதுக்கப்புறம் யார் எதிரேயும் இதாலே ஒண்ணும் பண்ணினதில்லை. உன் மாமனாருக்குச் சாகற வரைக்கும் தெரியாது. காய் நறுக்கறது மட்டும் வலது கைக்கு வரவே இல்லை. கதவைச் சாத்திண்டு நறுக்கினேன். நீ தப்பா நெனச்சுண்டேன்னும் தெரியும். சொல்ல வெக்கமா இருந்தது."

காலையிலிருந்து இந்தக் கையைத்தான் ஷ்ருதி சபித்துக்கொண்டே வந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, பாவமாக இருந்தது, அதற்கு நடுவிலும் 'என்னிடம் ஏன் சொல்லவில்லை' என்ற எரிச்சல் அடங்கவில்லை.

"கொலுவுக்கு அப்புறம் சாருகிட்ட மட்டும் இதைச் சொன்னேன். அவதான் சொன்னா, 'ஆண்ட்டி, உங்க ஆத்திலே நீங்க எந்தக் கையாலே வேணா பண்ணலாமே'ன்னு. அப்போதான் தோணித்து, எனக்குன்னு ஒரு வீடு இருந்ததே இல்லையேன்னு. போன மாசம் பட்டறைலேர்ந்து அளவெடுக்க அந்தப் பையன் வந்து கண்ணை மூடிண்டு கையை நீட்டச் சொன்னான். எந்தக் கை தன்னாலே வரதோ அதை நீட்டுங்கோன்னான். இது வந்தது." பாகீரதி சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

"அப்போ முடிவே பண்ணிட்டேளா?"

"எங்கே? நேத்திக்கு வரைக்கும் பண்ணியிருந்தேன். ராத்திரி கேஷவ் சொன்னான், செம்பூர்ல உனக்கும் ஒரு ரூம் இருக்கும்மா, ஜன்னல் பக்கத்திலேயே கட்டில், உன் கைக்கு ஏத்தாப்பல கைப்பிடி வெக்கச் சொல்றேன்னு. அதைக் கேட்டதுலேர்ந்து மனசு இங்கேயும் அங்கேயுமா அல்லாடறது. கடைசியா ஒருதரம் பாத்துட்டுப் போலாம்னு, நீ கெளம்பினதும் டாக்ஸி பிடிச்சு வந்தேன்." மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள், இடது கையால். "நீ இன்னிக்குப் போனியே, சொல்லு. என் ஜன்னலுக்கு எந்தக் கைப்பிடி எடுத்தே?"

ஷ்ருதியின் தோளில் தொங்கிய பையில் 'கைப்பிடி இல்லை' என்று எழுதிய அந்தச் சீட்டு இருந்தது. கண்ணாடி இந்நேரம் வெட்டக் கொடுத்தாயிற்றோ என்னவோ.

"பித்தளைக் கலர்மா" என்றாள். "எல்லா ரூமுக்கும் அதேதான். உங்களுக்கும்."

காலையிலிருந்து அடுத்தவர் பொய்யை எண்ணிக்கொண்டிருந்தவள் தன் பொய்யைச் சொல்லிமுடிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

பாகீரதியின் முகம் மலர்ந்தது. "அப்படியா? அப்போ சாருகிட்ட வேண்டாம்னு சொல்லிடலாமோ?"

படிக்கட்டில் காலடிச் சத்தம். இரண்டு பேர். கதவைத் தள்ளிக்கொண்டு கேஷவ் நின்றான், அவன் தோளுக்குப் பின்னால் சாருலதா. ஷ்ருதியைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. அப்புறம் மனைவியையும் அம்மாவையும், பிடித்திருந்த கைகளையும் பார்த்து, எல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. பெரிதாக மூச்சு விட்டான்.

"தேங்க் காட்! நானே இன்னிக்குச் சொல்லணும்னு இருந்தேன் ஷ்ருதி, ப்ராமிஸ்" என்று உள்ளே வந்தவன், போனை எடுத்தான். "சொரிமுத்து ஏதோ அனுப்பியிருக்கான், நம்ம ஆர்டர். பூரா தமிழ்ல எழுதியிருக்கான். இங்கேயே வளந்த எனக்கு எங்கே படிக்க வரது?"

"எங்கிட்ட குடு" என்று ஷ்ருதி பாய்ந்தாள்.

"நீதான் எல்லாம் பாத்து எடுத்தாச்சே. அம்மா படிக்கட்டும், அவளுக்கும் தெரியட்டும்" என்று கேஷவ் சிரித்தபடி போனை அம்மா பக்கம் திருப்பினான்.

பாகீரதி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, மகனுக்கும் மருமகளுக்கும் சாருலதாவுக்கும் எதிரிலேயே, கொஞ்சமும் கூசாமல், அதை வாங்க இடது கையை நீட்டினாள்.